12-இல் எல்லாம் வருகிறது, 10-இல் 4 வரவில்லை: ஏன்?

கேள்வி கேட்டவர் அம்பாசமுத்திரத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர். 12-இன் காரணிகளான 1, 2, 3, 4, 6, 12 ஆகியவற்றில் எதையும் ஒரு முறைக்கு மேல் எடுக்காமல் கூட்டினால் 1 முதல் 28 வரை எல்லா எண்களும் கிடைக்கின்றன. 10-இன் காரணிகளை வைத்து அதே போலக் கூட்டினால் 4 கிடைப்பதில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் இப்படி எத்தனை வெவ்வேறு கூடுதல்கள் வருகின்றன என்று அவருடைய மாணவி ஒருத்தி எழுதிப் பார்த்ததில் 1, 3, 3, 7, 3, 12, 3, 15, 7, 15, 3, 28 என்று ஒரு வரிசை வந்திருக்கிறது. இதற்குச் சூத்திரம் உண்டா என்பதுதான் அவர் எழுதிய கேள்வி. உண்மையில் இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. எந்த எண்ணின் காரணிகள் இடைவெளியே இல்லாமல் எல்லாவற்றையும் தரும் என்பது ஒன்று. இடைவெளி விழும் எண்களுக்கு எத்தனை கூடுதல்கள் கிடைக்கும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு முழுமையான, நிரூபிக்கப்பட்ட விடை உண்டு. இரண்டாவதற்கு அப்படி ஒரு விடையை என்னால் தர இயலாது. ஆனால் அந்த மாணவி எழுதிய 12 எண்களைத் தாண்டி வெகுதூரம் போக உதவும் வழி ஒன்று உண்டு. பாளையங்கோட்டையில் பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் எண்ணியல் நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன், ஆய்வாளன் அல்லன்.

காரணிகளை எடைக்கற்களாக நினைத்துக்கொண்டால் விஷயம் எளிதாகப் பிடிபடும். தராசின் ஒரு தட்டில் மட்டுமே கல் வைக்கலாம், ஒவ்வோர் அளவிலும் ஒரே ஒரு கல்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (இரண்டு தட்டிலும் கல் வைக்கலாம் என்றால் கணக்கே வேறாகிவிடும், அதை இங்கே கலக்க வேண்டாம்.) 10-க்கு உள்ள கற்கள் 1, 2, 5, 10. முதல் இரண்டும் சேர்ந்து 3 வரைதான் நிறுக்கும். அடுத்த கல்லே 5 என்பதால் 4 தப்பிவிடுகிறது. 4 தப்பினால் 14-உம் தப்பும், ஏனென்றால் நான்கு கற்களின் மொத்தம் 18. 14 கிடைக்கும் என்றால் தட்டில் வைக்காமல் விட்ட கற்கள் 4-ஐத் தந்தாக வேண்டும். நடுவில் 9-உம் விழுந்துவிடுகிறது. ஆக 18-இல் மூன்று போக 15. மாணவி எழுதியதும் அதுவே. 12-க்கு உள்ள கற்களில் இந்த இடறல் எங்கும் இல்லை. ஒவ்வொரு கல்லும் அதற்கு முந்தைய கற்களின் மொத்தத்தைவிட அதிகபட்சம் ஒன்றே கூடுதலாக இருக்கிறது.

காரணிகள் முழுவதையும் எழுதிப் பார்க்காமலே இதைக் கண்டுபிடிக்க முடியும் என்பதுதான் அழகு. எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்துச் சிறியதிலிருந்து பெரியதற்கு வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொரு புதிய பகா எண்ணும் உள்ளே வரும்போது, அதுவரை சேர்ந்திருக்கும் பகுதியின் காரணிகளைக் கூட்டி 1 சேர்த்தால் வருவதற்குள் அது அடங்க வேண்டும். அடங்கினால் இடைவெளி இல்லை. ஓரிடத்தில் மீறினாலும் இடைவெளி விழும். இதை ஸ்டூவர்ட் 1954-இலும் போலந்துக் கணிதவியலாளர் சியர்பின்ஸ்கி 1955-இலும் நிறுவினார்கள். இத்தகைய எண்ணை ஆங்கிலத்தில் பிராக்டிக்கல் நம்பர் என்பார்கள். நான் நடைமுறை எண் என்று எழுதுகிறேன். வரையறைப்படி அந்த எண் வரையுள்ள எல்லாம் கிடைத்தால் போதும். ஆனால் அந்த எண் வரை கிடைத்துவிட்டால் காரணிகளின் மொத்தக் கூடுதல் வரையிலும் தானாகவே கிடைத்துவிடும் என்பதும் நிரூபிக்கப்பட்டதே. அதனால்தான் 12-இல் நின்றுவிடாமல் 28 வரை போகிறது.

78, 102 என்ற இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் 6-இன் மடங்குகள். 78 என்பது 6 பெருக்கல் 13, 102 என்பது 6 பெருக்கல் 17. 6-இன் காரணிகளைக் கூட்டினால் 12, ஒன்று சேர்த்தால் 13. எனவே 13 கழுத்தளவில் நுழைந்துவிடுகிறது, 17 நுழையாது. 102-இன் காரணிகள் 1, 2, 3, 6-க்குப் பிறகு நேராக 17-க்குத் தாவுகின்றன. 13, 14, 15, 16 ஆகிய நான்கும் எப்படிக் கூட்டினாலும் வராது. 78-க்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதை நம்ப வேண்டுமானால் 100-ஐ உருவாக்கிப் பாருங்கள். 100-ஐ 13-ஆல் வகுத்தால் ஈவு 7, மீதி 9. 6-இன் காரணிகளில் 7 என்பது 6-உம் 1-உம். 9 என்பது 6-உம் 3-உம். ஈவுக்குரியவற்றை 13-ஆல் பெருக்கினால் 78, 13. அவற்றோடு 6, 3 சேர்த்தால் 100. 13-ஆல் பெருக்கிய காரணிகளும் பெருக்காத காரணிகளும் ஒன்றோடொன்று மோத வழியே இல்லை, ஏனென்றால் 6-இல் 13 கிடையாது. தேற்றத்தின் நிரூபணமும் இதே கணக்குத்தான். 6-க்குப் பதில் எழுத்தும் 13-க்குப் பதில் எழுத்தும் போட்டால் முடிந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியும் என்றே நினைக்கிறேன். எழுத்துகளைப் பார்த்து மிரளாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தச் சோதனையிலிருந்து சில முடிவுகள் உடனே விழுகின்றன. 1-ஐத் தவிர எந்த ஒற்றை எண்ணும் நடைமுறை எண் ஆகாது. 2 என்ற கூடுதலுக்கு 2 என்ற காரணியே வேண்டும். 1, 2 நீங்கலான எல்லா நடைமுறை எண்களும் 4-ஆலோ 6-ஆலோ வகுபடும். 10 ஏன் தோற்றது, 20 ஏன் வென்றது என்பதும் இதிலேயே தெரிகிறது: 2-இன் காரணிகள் 3 வரைதான் போகின்றன, 4-இன் காரணிகளோ 7 வரை போகின்றன. 5 உள்ளே வருவதற்கு முன் தளம் அகலமாக இருக்க வேண்டும். 100-உம் 1000-உம் நடைமுறை எண்களாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

இந்த வகை எண்களுக்குப் பெயர் வைத்துத் தனியாக எழுதியவர் ஏ. கே. சீனிவாசன், 1948-இல் பெங்களூரிலிருந்து வெளிவரும் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வந்த சிறு கட்டுரை அது. நாணயம், எடை, அளவைகளின் உட்பிரிவுகளில் 4, 12, 16, 20, 28 போன்ற எண்கள் வருவதையும், அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டுப் பத்தின் அடுக்குகளுக்கு மாற வேண்டும் என்ற எண்ணம் நிலவியதையும் சுட்டியே அவர் தொடங்குகிறார். அந்த ஐந்துமே நடைமுறை எண்கள் என்பதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அப்போது ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆனது.

நம் பக்கத்து நெல் அளவையும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. திருநெல்வேலிச் சீமையில் ஒரு கோட்டைக்கு 21 மரக்கால் என்பது பெரியவர்கள் சொல்லும் கணக்கு. 21 ஒற்றை எண். அதன் காரணிகள் 1, 3, 7, 21. இரண்டு மரக்கால் அளப்பதற்கே வழி இல்லை. ஆனால் மரக்காலுக்கு 8 படி என்று வைத்துப் படியில் கணக்கிட்டால் கோட்டைக்கு 168 படி. 168-இல் 8 முதலில் 15 வரை தளம் போட்டுக் கொடுப்பதால் 3-உம் அதன் பின் 7-உம் தாராளமாக நுழைகின்றன. 168-இன் காரணிகளை அளவுகளாகக் கொண்டால் ஒரு படி முதல் ஒரு கோட்டை வரை எதையும் அளக்கலாம். மரக்கால் கணக்கில் முடியாதது படிக் கணக்கில் முடிகிறது.

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியாக மனப்பாடம் செய்த கீழ்வாய் இலக்கத்தை, அதாவது ஒன்றுக்குக் குறைந்த பின்னங்களின் பழைய பெயர்களை, இதனோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் சுவையாக இருக்கும். ஒன்றை 320 முந்திரியாக எடுத்துக்கொண்டால், முந்திரி 1, அரைக்காணி 2, காணி 4, அரைமா 8, ஒருமா 16, மாகாணி 20, இருமா 32, அரைக்கால் 40, நாலுமா 64, கால் 80, அரை 160. இவை ஒவ்வொன்றும் 320-இன் காரணி. 320 ஒரு நடைமுறை எண். 320-ஐ விட்டுவிட்டால், அதன் மற்றக் காரணிகளில் 5-உம் 10-உம் மட்டும் இந்தப் பட்டியலில் இல்லை; அவை இல்லாமலே 1 முதல் 319 வரை எந்த முந்திரிக் கணக்கையும் இந்தப் பெயர்களில் எதையும் இரண்டு முறை சொல்லாமல் சொல்லிவிடலாம். 320-இல் 137 பங்கு என்றால் கால், அரைக்கால், ஒருமா, முந்திரி. நடைமுறை எண்ணைப் பகுதியாகக் கொண்ட எந்தத் தகு பின்னத்தையும் தொகுதி 1 உடைய வெவ்வேறு பின்னங்களின் கூடுதலாக எழுதலாம் என்ற பொது விதியின் ஓர் உதாரணமே இது. எகிப்தியப் பின்னங்கள் என்று நூல்களில் வருவதும் இதுதான். முக்காணி, மும்மா, முக்கால் போன்றவை காரணிகள் அல்ல; அவை மும்மடங்குகள், பேச்சு வசதிக்காக வந்தவை. கணக்கப்பிள்ளைகள் இந்தத் தேற்றத்தை அறிந்துதான் 320-ஐத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குச் சான்று எதையும் நான் பார்த்ததில்லை. பாதி, பாதியில் பாதி என்று வெட்டிக்கொண்டே போகும் பழக்கமும் இருபதில் ஒன்றான மாவும் சேர்ந்தால் இத்தகைய எண் தானாகவே வந்து நிற்கும்.

இந்த எண்கள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்று அடுத்துக் கேட்பீர்கள். 100 வரை 30 நடைமுறை எண்கள். பகா எண்கள் 25. போகப் போக இரண்டும் ஒரே பாணியில் அருகிவருகின்றன. பகா எண்களின் எண்ணிக்கை ஏறத்தாழ எண்ணை அதன் இயல் மடக்கையால் வகுத்தால் வருவது. நடைமுறை எண்களின் எண்ணிக்கை அதே ஈவின் ஒரு மாறாத மடங்கை நெருங்குகிறது என்று வைன்கார்ட்னர் 2015-இல் நிறுவினார். அந்த மடங்கு சுமார் 1.336 என்பது பின்னர் கணக்கிடப்பட்டது. பகா எண்களில் நூற்றாண்டுகளாகத் தீராத சில கேள்விகள் இங்கே தீர்ந்துவிட்டன என்பது எனக்குப் பிடித்த செய்தி. எல்லா இரட்டை எண்களையும் இரண்டு நடைமுறை எண்களின் கூடுதலாக எழுதலாம் என்பதை மெல்ஃபி 1996-இல் நிரூபித்தார். 98 என்றால் 20-உம் 78-உம். 2-க்கு மேற்பட்ட இரட்டை எண் ஒவ்வொன்றும் இரண்டு பகா எண்களின் கூடுதல் என்னும் கோல்ட்பாக் கூற்றின் மறுபதிப்புப் போன்றது இது. கோல்ட்பாக் கூற்றோ இன்னும் திறந்தே கிடக்கிறது. 16, 18, 20 அல்லது 28, 30, 32 போல இரண்டிரண்டு இடைவெளியில் வரும் மூன்று நடைமுறை எண்கள் முடிவில்லாமல் உண்டு என்பதையும் மெல்ஃபியே காட்டினார். அடுத்தடுத்த இரண்டு வர்க்க எண்களுக்கு இடையில் நடைமுறை எண் ஒன்று நிச்சயம் இருக்கும் என்பதை ஹவுஸ்மன், ஷாப்பிரோ இருவரும் 1984-இலேயே காட்டிவிட்டார்கள். பகா எண்ணுக்கு இதைச் சொல்ல இன்றுவரை யாராலும் முடியவில்லை.

நிச்சயமற்ற பகுதி வேறு பக்கம் இருக்கிறது. ஓர் எண்ணைத் தன்னையே விட்டுவிட்டு மற்றக் காரணிகளில் சிலவற்றைக் கூட்டி அந்த எண்ணையே பெற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். 12-ஐ 6, 4, 2 என்றும் 6, 3, 2, 1 என்றும் பெறலாம். 70-க்கு மற்றக் காரணிகள் 1, 2, 5, 7, 10, 14, 35. கூட்டினால் 74, அதாவது தேவைக்கு மேல் 4 இருக்கிறது. அந்த 4-ஐ மட்டும் கழற்றிவிட்டால் போதும். ஆனால் 1-உம் 2-உம் சேர்ந்து 3, அடுத்தது 5. கையில் சரக்கு அதிகம், சில்லறைதான் இல்லை. இப்படி மிஞ்சியும் பொருந்தாத எண்களை விசித்திர எண்கள் எனலாம். 70-க்கு அடுத்தது 836. இவை முடிவில்லாதவை என்பதும், எண்களில் ஒரு நிலையான விகிதத்தை இவை பிடித்திருக்கின்றன என்பதும் பென்கோஸ்கி, எர்டிஷ் இருவரும் 1974-இல் நிறுவியவை. ஆனால் ஒற்றைப்படை விசித்திர எண் ஒன்று உண்டா என்பது யாருக்கும் தெரியாது. 10-இன் 21-ஆம் அடுக்கு வரை கணினியில் தேடியும் சிக்கவில்லை. சிக்கவில்லை என்பதால் இல்லை என்று வகுப்பில் சொல்லிவிடக் கூடாது.

இனிச் சூத்திரக் கேள்விக்கு வருகிறேன். ஒவ்வோர் எண்ணின் கணக்குக்கும் இரண்டு மேல்வரம்புகள் உண்டு. காரணிகளின் மொத்தக் கூடுதலைத் தாண்ட முடியாது என்பது ஒன்று. காரணிகள் எத்தனையோ அத்தனை முறை 2-ஐப் பெருக்கி 1 கழித்தால் வருவதைத் தாண்ட முடியாது என்பது மற்றொன்று, ஏனென்றால் காரணிகளைத் தேர்ந்தெடுக்கும் வழிகளே அவ்வளவுதான். நடைமுறை எண்கள் முதல் வரம்பைத் தொடுகின்றன. எந்த இரண்டு தேர்வுகளும் ஒரே கூடுதலைத் தராத எண்கள் இரண்டாவது வரம்பைத் தொடுகின்றன. பகா எண்ணுக்கு எப்போதும் 3, அதன் வர்க்கத்துக்கு எப்போதும் 7. இரண்டு வெவ்வேறு பகா எண்களின் பெருக்கலுக்கு எப்போதும் 15. விதிவிலக்கு 6 ஒன்றே, ஏனென்றால் 1-உம் 2-உம் சேர்ந்து 3 ஆவது அங்கே மட்டும்தான் நடக்கிறது. இரண்டு வரம்புகளையும் ஒருசேரத் தொடுபவை 2-இன் அடுக்குகள் மட்டுமே: இடைவெளி விழாதிருக்க அடுத்த காரணி முந்தையவற்றின் மொத்தத்தைவிட ஒன்றுக்கு மேல் கூடக் கூடாது, கூடுதல் இரட்டிக்காதிருக்க அது மொத்தத்தைவிடப் பெரிதாக இருந்தாக வேண்டும், ஆகவே 1, 2, 4, 8 என்று போவதைத் தவிர அதற்கு வேறு போக்கில்லை.

இதை வைத்து மாணவியின் வரிசையை நீட்டலாம். எண் நடைமுறை எண்ணாக இருந்தால் காரணிகளின் கூடுதலை எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டாவது வரம்பை எழுதுங்கள். 18-க்கு 39, 20-க்கு 42, 24-க்கு 60, 28-க்கு 56, 30-க்கு 72, 36-க்கு 91, 44-க்கு 63. இந்த இரண்டே விதி 44 வரை ஓரிடத்திலும் தவறாது. நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். 45-இல் அது உடைகிறது. அதன் காரணிகள் 1, 3, 5, 9, 15, 45. ஒற்றை எண் என்பதால் இடைவெளி நிச்சயம். 1, 3, 5 கூடினால் 9 ஆகிவிடுவதால் இரட்டிப்பும் நிச்சயம். கூடுதல் 78, தேர்வுகள் 63, கிடைப்பதோ 55. 45-ஐ விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் முதலில் பாருங்கள்: 33 வரை 2, 7, 11, 22, 26, 31 ஆகிய ஆறும் வராமல் 27 எண்கள் வரும். 45 தனியாக ஒன்று, அதனோடு அந்த 27-ஐயும் கூட்டினால் இன்னும் 27. இத்தகைய இடைப்பட்ட எண்களுக்குப் பகாக் காரணிகளைப் பார்த்த மாத்திரத்தில் விடை சொல்லும் சூத்திரம் எதுவும் எனக்குத் தெரியாது.

அங்கிருந்து மேலே கணினிதான். எல்லாத் தேர்வுகளையும் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்க்கும்படி புரோகிராம் எழுத வேண்டாம். 720-க்கு 30 காரணிகள், தேர்வுகள் 107 கோடிக்கு மேல் போகும். அதற்குப் பதில் 0 முதல் மொத்தக் கூடுதல் வரை ஒரு வரிசைக் கட்டங்கள் வைத்து, முதலில் 0-ஐ மட்டும் குறித்து, ஒவ்வொரு காரணியாக எடுத்து, ஏற்கெனவே குறித்த ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் அந்தக் காரணி அளவு தள்ளி இன்னொரு குறி போட்டுக்கொண்டே போனால் போதும். ஒரே ஒரு கவனம் வேண்டும்: ஒரு காரணிக்காகப் போட்ட புதிய குறியிலிருந்து அதே காரணியை மறுபடியும் தாவவிடக் கூடாது, கட்டங்களை மேலிருந்து கீழாகப் பார்த்து வந்தால் அது நேராது. கடைசியில் 0-ஐ விட்டுவிட்டுக் குறிகளை எண்ணினால் விடை. 720-க்கு 2419 கட்டங்கள் போதும், அதற்கும் உண்மையில் தேவையில்லை: 720 நடைமுறை எண், விடை 2418. 45, 63, 70 மூன்றையும் முதலில் கையால் செய்து, பிறகு புரோகிராமின் விடையோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.